புதுச் சாப்பாடு, உப்பிய வயிறு: விடுவதா, தொடர்வதா, மாற்றிச் செய்வதா?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6-ஐத் தாண்டிவிட்டது, அல்லது போன வருஷத்துப் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. ஏதோ ஒரு காரணம், வீட்டில் ஒரு முடிவு எடுக்கிறோம். திங்கள்கிழமையிலிருந்து காலையில் இட்லி கிடையாது, முளைகட்டிய பயறு. மதியம் சோற்றுக்குப் பதில் கம்பு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யாப்பழம். ராத்திரி சப்பாத்தி, கூடவே ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி. புதன்கிழமைக்குள் வயிறு பொருமத் தொடங்கிவிடுகிறது. ஆபீஸில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சிலருக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறது, சிலருக்கு இரண்டு நாளாகப் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை, 'நமக்கு இதெல்லாம் ஒத்துக்காதுப்பா' என்று சொல்லிவிட்டுப் பொங்கலும் வடையுமாக ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அப்படி முழுசாக விடுவதற்கு முன்னால் யோசித்துப் பார்க்கச் சில வழிகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாம். பழைய சாப்பாட்டுக்கே கொஞ்சம் திருத்தங்களோடு திரும்பலாம். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம். பொருளை மாற்றாமல் சமைக்கும் விதத்தை மட்டும் மாற்றலாம். எது சேரவில்லை என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். மருந்துக்கடையிலோ நாட்டு மருந்துக்கடையிலோ ஏதாவது வாங்கிச் சமாளிக்கலாம். என் ஓட்டு சமையலை மாற்றுவதற்குத்தான். ஸ்மூத்தி, ஓவர்நைட் ஓட்ஸ், பச்சை முளைப்பயறு என்று வீடியோ பார்த்து வந்த வடிவங்களை ஓரம்கட்டிவிட்டு, அதே தானியத்தையும் பயறையும் ஊறவைத்து, புளிக்கவைத்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பலருக்குத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் அதுவே விடை இல்லை. யாருக்கு எது என்று பார்ப்போம்.

முதலில், காரணம் சாப்பாடுதானா?

சர்க்கரை இருப்பது தெரிந்த அதே வாரத்தில்தான் பலர் சாப்பாட்டை மாற்றுகிறார்கள். மெட்ஃபார்மின் மாத்திரையும் அதே வாரம்தான் ஆரம்பமாகிறது. மெட்ஃபார்மினின் மிகச் சாதாரணமான பக்கவிளைவே வயிற்றுப்போக்கும் குமட்டலும் பொருமலும்தான். பழி மட்டும் கேழ்வரகின் மேல் விழுகிறது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவது, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர், நாமாக நிறுத்தக் கூடாது.

வாக்லிபோஸ், அகார்போஸ் விஷயம் இன்னும் நேரடியானது. மாவுச்சத்து சிறுகுடலில் வேகமாகச் செரிக்காமல் தடுப்பதுதான் அந்த மாத்திரைகளின் வேலை. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டால் இரண்டு பக்கமிருந்தும் வாயு. மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் வாக்லிபோஸும் சேர்ந்தே இருக்கும்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் புரோட்டீன் பவுடரைச் சந்தேகப்படலாம். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் கான்சன்ட்ரேட் வகை என்றால் பால் சர்க்கரையான லாக்டோஸ் கணிசமாக இருக்கும். ஐசோலேட் வகையில் மிகக் குறைவு. 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் இனிப்புகளில் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை இருந்தால் அவையே வயிற்றைக் கலக்கப் போதும்.

இன்னொரு பட்டியலும் உண்டு, அதற்குச் சமையலில் தீர்வு கிடையாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், விடாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது பேதி, ரத்தசோகை, விழுங்கச் சிரமம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், ஐம்பது வயதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறி அந்த மாற்றம் நீடித்தாலும், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இனி சாப்பாட்டுக்கு வருவோம். வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுக்கச் சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. சோறு சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது பிரமை அல்ல. பயறு வகைகள் இதற்கு நேர்மாறு. அவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியா அவற்றைத் தின்று ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வெளியே தள்ளுகிறது. இது நோய் இல்லை. அளவு மீறும்போதுதான் தொல்லை.

அளவு எப்படி மீறுகிறது? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கணக்குப் போடலாம். 100 கிராம் பச்சரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம். கேழ்வரகு, கம்பு, கோதுமை மாவு மூன்றிலும் 11 கிராமை ஒட்டி. முழுப் பச்சைப்பயறில் 17. முழுக் கொண்டைக்கடலையில் 25. கொய்யாப்பழத்தில் 8-க்கு மேல். எல்லாம் சமைக்காத எடைக்கு.

முதல் பத்தியில் சொன்ன 'திங்கள்கிழமை' சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பச்சைப்பயறை முளைகட்டினால் எட்டரை. மதியம் 100 கிராம் கம்புக்குப் பதினொன்று. 50 கிராம் கொண்டைக்கடலைக்குப் பன்னிரண்டரை. ஒரு கொய்யாவுக்கு எட்டரை. மூன்று சப்பாத்திக்கு எட்டரை. பச்சைக் காய்கறிக்கு ஒரு நாலு. மொத்தம் 53 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு குறைந்தது 25 கிராம். இந்தியப் பரிந்துரை 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 30 கிராம் வாக்கில். ஞாயிற்றுக்கிழமை வரை பதினைந்து கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வயிறு ஒரே நாளில் 53-ஐப் பார்க்கிறது. வயிறு ஒத்துழைக்கவில்லை என்று அதன் மேல் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது

'ரெண்டு வாரம் பொறுத்துக்கோ, சரியாயிடும்' என்பது ஜிம் டிரெய்னர் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை சொல்லும் யோசனை. இதில் உண்மை இருக்கிறது. குடலிலுள்ள பாக்டீரியாக் கூட்டம் சாப்பாட்டுக்கு ஏற்ப மாறக்கூடியது. சில நாட்களிலேயே மாற்றம் தொடங்கும், வயிறு பழக சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் வாயு, கொஞ்சம் கடமுடா, வலி இல்லை, பசி சரியாக இருக்கிறது என்றால் தொடரலாம். தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். நாரை மட்டும் ஏற்றிவிட்டுத் தண்ணீரை ஏற்றாவிட்டால் வருவது மலச்சிக்கல்.

ஆனால் பொறுத்துக்கொள்ளவே கூடாத விஷயங்களும் 'பழகிக்கும்' என்ற பெயரில் நடக்கின்றன. ராஜ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் இருக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் ஸ்லோ குக்கர் இதற்கு ஆகாது. நம் பிரஷர் குக்கர் போதும்.

காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், இந்தியாவில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற காய் இது இல்லை.

பச்சை முளைப்பயறும் இந்த வரிசையில்தான் வரும். முளை விடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளால் பரவிய ஈ-கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து நிமிஷம் ஆவியில் வேகவைத்துவிட்டுச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பழைய சாப்பாட்டுக்கே திரும்புவது

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. ஒன்றும் மாறாமல் அப்படியே திரும்பினால் சர்க்கரையும் எடையும் இருந்த இடத்திலேயே இருக்கும், அது சரிதான். ஆனால் பழைய சாப்பாட்டின் சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே கொஞ்சம் மாற்றினால் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

காலையில் கேழ்வரகு கலந்த தோசை: 40 கிராம் கேழ்வரகுக்கு நாலரை கிராம் நார், 15 கிராம் உளுந்துக்கு ஒன்றே முக்கால். மதியம் 100 கிராம் புழுங்கலரிசிச் சோறு, அது நாலுக்குச் சற்றுக் குறைவு. சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்புக்கு இரண்டரைக்கு மேல். பொரியலும் கூட்டுமாக 200 கிராம் காய், கீரைக்கு ஏழு வாக்கில். சாயங்காலம் ஒரு கொய்யாவுக்கு எட்டரை. ராத்திரி மூன்று இட்லிக்கு நாலு. கூட்டினால் 30-ஐத் தாண்டிவிடுகிறது. இதில் சியா விதை இல்லை, ஓட்ஸ் இல்லை, பச்சைப்பயறு முளை இல்லை. வழக்கமான நம் வீட்டுச் சாப்பாட்டில் தோசையில் கேழ்வரகு கலந்ததும், சோற்றின் அளவு குறைந்து காய் இரண்டு மடங்கானதும், ஒரு பழம் சேர்ந்ததும்தான் மாற்றம்.

வயதானவர்களுக்கும், எப்போதுமே வயிறு மென்மையானவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சர்க்கரை அதிகமாக இருப்பவருக்கு 100 கிராம் அரிசி கூடுதலாக இருக்கலாம், அதை அவருடைய டாக்டரோ டயட்டீஷியனோ சொல்ல வேண்டும்.

அளவை மெல்ல ஏற்றுவது

எல்லா ஊட்டச்சத்து நிபுணர்களும் சொல்வது, சொல்வதற்கு எளிது, கடைப்பிடிப்பது கடினம். வாரத்துக்கு நாலைந்து கிராம் நார் என்று ஏற்றினால் 15-இலிருந்து 30-க்கு வர ஒரு மாதம் பிடிக்கும். முதல் வாரம் ஒரு வேளையை மட்டும் மாற்றுவது, அது செட்டானதும் அடுத்த வேளை.

ஒரே விதி வைத்துக்கொள்ளலாம்: ஒரு வாரத்தில் ஒரு புதுப் பொருள்தான். கம்பும் ராஜ்மாவும் பிராக்கோலியும் ஒரே வாரத்தில் உள்ளே வந்தால் எதனால் வயிறு உப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. புதுப் பொருளை மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி எட்டரைக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் வாயு நகர வழி இல்லை. மதியம் சாப்பிட்டால் அப்புறம் நடமாட்டம் இருக்கும்.

இந்த வழியின் குறை பொறுமை. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்த மனசுக்கு ஒரு மாதம் என்பது ரொம்ப நீளமாகத் தெரியும்.

சமைக்கும் விதத்தை மாற்றுவது

நான் ஓட்டுப் போட்ட வழி. ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பார்த்தால், தண்ணீர் மஞ்சளாகி மேலே நுரை கட்டியிருக்கும். கொஞ்சம் வாடையும் அடிக்கும். அந்தத் தண்ணீரில் வாயுச் சர்க்கரையில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, இரண்டு தடவை அலசி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துவிட்டால் இன்னொரு பங்கு போகும். சத்தும் கொஞ்சம் போகும், மறுக்கவில்லை, பி வைட்டமின்கள் தண்ணீரோடு இறங்கத்தான் செய்யும். வயிறு பழகும் வரைக்கும் அந்த நஷ்டம் பரவாயில்லை. சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பு போடுகிறவர்கள் தயமின் என்ற பி1-ஐ அழித்துவிடுகிறார்கள். அதைவிட நாலு விசில் கூட வைக்கலாம். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், நடுவில் கடிபடும் சுண்டல் பழகாத வயிற்றுக்கு வேண்டாம்.

பருப்பு வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுக்கிற வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தெளிவுக்குள்தான் கரைந்த சர்க்கரை இருக்கிறது. 'பருப்பே போடல, ரசம் மட்டும்தான் ஊத்திக்கிட்டேன், அப்பவும் கேஸ்' என்கிறவருக்குப் புளி, மிளகு, சீரகம் மட்டும் போட்ட ரசம் பொருத்தம்.

முளைகட்டுவதால் அந்தச் சர்க்கரைகள் நன்றாகவே குறைகின்றன. முளைக்கும் விதை அவற்றைத் தன் வளர்ச்சிக்கே செலவழித்துவிடுகிறது. ஆக, முளைப்பயறு தப்பில்லை, பச்சையாகத் தின்பதுதான் பிரச்சினை. வேகவைத்துத் தாளித்தால் சுண்டல், அரைத்து வார்த்தால் பெசரட்டு மாதிரி ஒரு தோசை. பயறு வகைகளுக்குள்ளேயே பாசிப்பருப்பு வயிற்றுக்கு லேசானது, கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் கனம். தொடங்குகிறவர் பாசிப்பருப்பில் தொடங்கட்டும்.

புளிக்கவைப்பது இதைவிடவும் நல்லது. இட்லி மாவு பொங்கும்போது நுண்ணுயிரிகள் உளுந்தின் ராஃபினோஸ் வகைகளில் ஒரு பகுதியைப் பானைக்குள்ளேயே தின்றுவிடுகின்றன. வயிற்றுக்குள் நடக்க வேண்டிய வாயு வேலையில் ஒரு பங்கு மாவுப் பாத்திரத்தில் முடிந்துவிடுகிறது. கேழ்வரகுக் கூழைப் பாருங்கள். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, அடுத்த நாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். அதே கேழ்வரகை வறுத்து, சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷத்தில் கலக்கும் 'ஹெல்த் மிக்ஸ்' ஆகக் குடிக்கும்போது இதில் எதுவும் நடப்பதில்லை. கேழ்வரகு சேரவில்லை என்று சொல்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்படிச் செய்தீர்கள் என்பதுதான்.

இட்லிக்கு ஊறப்போடும் அரிசியில் முதல் வாரம் கால் பங்கை மட்டும் சாமை, தினை, வரகு இதில் ஒன்றாக மாற்றுங்கள். உளுந்து அதே அளவு. தினையில் இட்லி கொஞ்சம் மஞ்சளாக வரும், மாவு சீக்கிரம் புளித்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு அரைப் பங்கு. சிறுதானியத்தைச் சோறாக வடிப்பவர்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, அரிசிக்கு விடுவதைவிடத் தண்ணீர் கூட வைத்துக் குழைய விட வேண்டும். விரைவிரையாக உதிரும் வரகுச் சோறு படத்தில் அழகாக இருக்கும், மெல்லாமல் விழுங்கிவிட்டு அப்புறம் அவதிப்படுவோம்.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. கம்பு மாவில் கொழுப்பு அதிகம், அரைத்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்து கசக்கும், ஆகவே கொஞ்சமாக அரைத்துக்கொள்வது மேல். வரகில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். கிராமத்தில் 'கிறுக்கு வரகு' என்பார்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்ததற்கும் பூஞ்சை பிடித்த வரகின் நச்சைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

காய்கறிக்கும் இதே நியாயம். சாலட் என்ற ஒன்று இல்லாமலே நமக்குப் பொரியல், கூட்டு, மசியல், பச்சடி இருக்கின்றன. பச்சை முட்டைகோஸைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதைவிடத் தேங்காயும் பாசிப்பருப்பும் போட்ட கோஸ் கூட்டு பழகாத வயிற்றுக்கு நூறு மடங்கு தேவலாம். வெள்ளரி, கேரட் மட்டும் பச்சையாக இருக்கட்டும்.

நீக்கிப் பார்ப்பது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அடங்கவில்லை, அல்லது பழைய சாப்பாட்டிலேயே வருஷக்கணக்காக வயிறு இப்படித்தான் என்றால், எரிச்சல் குடல் நோய் என்கிற ஐபிஎஸ் இருக்கலாம். அதற்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய குறை-ஃபாட்மேப் முறை இருக்கிறது. எளிதில் நொதிக்கும் சர்க்கரைகள் உள்ள உணவுகளை இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து, எது தன் வயிற்றைத் தொந்தரவு செய்கிறது என்று கண்டுபிடிப்பது. நிறுத்துவதோடு நின்றுவிட்டால் அது பாதி வேலைதான். திரும்பக் கொண்டுவருவதுதான் முக்கியம்.

தமிழ்ச் சமையலில் இது எளிதல்ல. பட்டியலின் உச்சியிலேயே வெங்காயமும் பூண்டும் நிற்கின்றன. சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற நொதிக்கும் சர்க்கரை தண்ணீரில் கரைந்து குழம்பு முழுக்கப் பரவியிருக்கும். ஆனால் எண்ணெயில் அது கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், தொல்லை வராது. வெங்காயமில்லாமல் பெருங்காயத்தில் மணக்கும் சமையல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பது இங்கே பெரிய வசதி.

கோதுமையிலும் ஃப்ரக்டான் உண்டு, அரிசியில் கிடையாது. சர்க்கரை என்றதும் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. சப்பாத்தி வந்த பிறகுதான் உப்புசம் வந்தது என்றால், ராத்திரிக்கு அளவான இட்லியோ தினை உப்புமாவோ வைத்துப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கோதுமையை முழுசாக நிறுத்துவதற்கு முன்னால், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். தென்னிந்தியாவில் அது வட இந்தியாவைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அந்த நோய் உள்ளவர்கள் கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும்.

பால் மட்டும்தான் பிரச்சினை என்று சந்தேகம் வந்தால் அதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு வாரம் பாலை நிறுத்திவிட்டுத் தயிரும் மோரும் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

மாத்திரை, பொடி, சூரணம்

மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்லது. மற்ற பல நார்களைப் போல வேகமாக நொதிக்காது, ஆகவே வாயுவும் குறைவு. முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி. 'ஹை ஃபைபர்' பிஸ்கட்டுகளில் இனுலின் என்று எழுதியிருந்தால் அது நேர் எதிர், வேகமாக நொதித்து வாயுவைக் கூட்டும். பயறுச் சர்க்கரையை உடைக்கும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் மாத்திரைகள் சிலருக்கு உதவும், சாப்பிடத் தொடங்கும்போதே போட வேண்டும். புரோபயாட்டிக் மாத்திரைகளுக்குக் காசு கொட்டுவதற்கு முன்னால் வீட்டு மோருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பேன்.

பெருங்காயம், ஓமம், சுக்கு, அங்காயப்பொடி, பஞ்சதீபாக்கினி சூரணம் எல்லாம் ஒரு வேளைக் கஷ்டத்துக்கு இதமாக இருக்கும். தினமும் தேவைப்படுகிறது என்றால் தட்டைத்தான் திருத்த வேண்டும். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடப்பது இவற்றுக்கெல்லாம் சளைத்ததல்ல, செலவும் இல்லை.

யாருக்கு எது

ஆபீஸ் போகிற, வேறு நோயில்லாத முப்பது வயதுக்காரருக்கு: கேழ்வரகு தோசையும் வெந்த சுண்டலுமாகச் சமையலை மாற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பொருளாகச் சேர்ப்பது. ராஜ்மா மாதிரிக் கனமான பயறு வேலை நாளில் வேண்டாம், சனிக்கிழமை முயன்று பார்க்கலாம். எழுபது வயது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ: அந்த 30 கிராம் பழைய சாப்பாடு, சோறு குழைவாக, காய் கூடுதலாக. பல் சரியில்லாதவருக்குக் கொய்யாவுக்குப் பதில் பப்பாளி, அங்கே நார் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பல வருஷமாக வயிற்றோடு போராடுகிறவர் யாருடைய டயட் சார்ட்டையும் காப்பியடிக்காமல் மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் போய் நீக்கிப் பார்க்கும் வழியைத் தொடங்கட்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர் விஷயம் தனி. சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக வருவதை 'புதுச் சாப்பாடு சேரல' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் கம்பு தோசை வார்ப்பதற்கு முன்பே டாக்டருக்கு ஒரு போன் செய்து, அளவைக் கேட்டுக்கொண்டு, வீட்டில் குளுக்கோமீட்டரை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.